எந்த வேரியண்ட், அத்தான்? – மழைக்கால டெல்டாவில் ஒரு பிக்கப் தேடல்

வியாழன்: திருச்சி – கல்லணை – திருக்காட்டுப்பள்ளி

அத்தானுக்குப் பிக்கப் வாங்க வேண்டும். மன்னார்குடிப் பக்கம் நெல் வயல், வேதாரண்யம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடி அவருடைய பழைய பொலேரோ கேம்பர் களைத்துவிட்டது. குடும்பத்தோடு உட்கார்ந்து போகவும் வேண்டும், பின்னால் சாமானும் ஏற வேண்டும், சேற்றிலும் இறங்க வேண்டும், வெள்ளை நம்பர் பிளேட்டிலும் ஓட வேண்டும் என்றால் நம் ஊரில் தேர்வு அதிகம் இல்லை. இசுஸு வி-கிராஸ், இல்லையென்றால் டொயோட்டா ஹைலக்ஸ். அத்தானின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கேள்வி இல்லை. ஒரே வண்டியில் கீழ் வேரியண்ட்டுக்கும் மேல் வேரியண்ட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் காரே வாங்கிவிடும் அளவுக்கு விலை ஏறுகிறது. அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் அவர் கேள்வி.

ஷோரூமில் காலை பத்து மணிக்கே போய்விட்டோம். விற்பனைப் பையன் தங்கமானவன். ஆனால் அவன் வண்டி காட்டியதில் முக்கால்வாசி நேரம் டச் ஸ்கிரீனிலேயே போனது. அத்தான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை டைல்ஸில் விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். "மாப்ள, இங்க வா" என்றார். முன்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் இருந்த வண்டி ஒன்று. பக்கத்தில் நின்ற வண்டியின் அடியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒரே வண்டி.

இசுஸுவின் ஏணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஹை-லேண்டர்: பின்சக்கர இழுவை மட்டும், மேனுவல் கியர், 16 அங்குல இரும்பு வீல். அடுத்து இசட்: 18 அங்குல அலாய் வீல், எல்இடி விளக்கு, ஸ்கிரீன். உச்சியில் இசட் பிரெஸ்டீஜ்: லெதர் சீட், இன்னும் பெரிய ஸ்கிரீன், கூடுதல் ஏர்பேக். இசட்டில் இரண்டு சக்கர இழுவையும் உண்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோரும் உண்டு. ஃபோர் பை ஃபோரில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மட்டும் பிரெஸ்டீஜுக்குத்தான் போயாக வேண்டும். எல்லாவற்றிலும் இன்ஜின் ஒன்றே: 1.9 லிட்டர் டீசல், 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது, பெயர் ஏறுவது ஒரு கணக்கு, இரும்பு ஏறுவது வேறு கணக்கு. ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தாலும் டூ வீல் டிரைவாக இருந்தால், சேற்றைப் பொறுத்தவரை அது மேனுவல் ஃபோர் பை ஃபோரை விடக் குறைந்த வண்டிதான். விலைப் பட்டியலை மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆட்டோமேட்டிக் டூ வீல் டிரைவும் மேனுவல் ஃபோர் பை ஃபோரும் பக்கத்துப் பக்கத்து விலையில் நிற்கும்போது எது "மேல்" என்று யார் சொல்வது?

தார் ரோட்டில் ஒரு டெஸ்ட் டிரைவ் ஓட்டினோம். தார் ரோட்டில் எல்லா வண்டியும் நல்ல வண்டி. சொந்தத்திலும் சிநேகிதத்திலும் ஆளுக்கொரு வேரியண்ட் வைத்திருப்பவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள், ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது, அவர்கள் மண்ணில் அவர்கள் வண்டியையே ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்பதுதான் எங்கள் திட்டம். மதியம் கேம்பரை எடுத்துக்கொண்டு காவிரிக் கரை ரோட்டில் கல்லணைக்கு விட்டோம்.

கல்லணையில் அரை மணி நேரம். இங்கேதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து ஊர் ஊராகப் போகிறது. மிஞ்சுவது கொள்ளிடத்துக்கு. கரிகாலன் போட்ட அடித்தளம், பிறகு வெள்ளைக்காரன் வைத்த ஷட்டர்கள், 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன. அத்தானுக்கு அதிலெல்லாம் மனம் இல்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட கேம்பரை ஓரங்கட்டியபோது, "புது வண்டி இதைவிட அகலம்ல?" என்றார். அகலம்தான். வி-கிராஸும் ஹைலக்ஸும் கண்ணாடியைச் சேர்க்காமலே 1.86 மீட்டர் சுமாருக்கு வருகின்றன. நீளம் 5.3 மீட்டர். எந்த வேரியண்ட் எடுத்தாலும் இந்த அளவு குறையப் போவதில்லை. ஆற்றங்கரை ரோடுகளில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருக்காட்டுப்பள்ளியில் சித்தப்பா வீடு. அவரிடம் இருப்பது ஹை-லேண்டர். கொள்ளிடத்துப் படுகையில் வாழை போட்டிருக்கிறார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே படுகைக்கு இறங்கினோம்.

இறங்குவது சுலபம். திரும்ப மேலே கரை ஏறுவதில்தான் விஷயம். வண்டல் மண் மழையில் நனைந்து மேலே மாவு மாதிரி கிடந்தது. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி காலி. பாதிச் சரிவில் பின்சக்கரம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் குணம் அது: எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதற்கே சுழற்சி போகும், பிடிப்புள்ள மற்றது சும்மா நிற்கும். அத்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஒரு சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே கீழே போனது. வாழைத்தோப்பில் நின்ற சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"காலியா ஏத்தாதே தம்பி. கீழ எறக்கு. தாரை ஏத்திட்டு அப்புறம் ஏறு."

இருபது வாழைத்தார் ஏற்றியதும் அதே வண்டி, அதே சரிவு, இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறிவிட்டது. பிக்கப்பின் வால் எப்போதும் லேசு. இன்ஜினும் கேபினும் முன்னால், இழுப்பது பின்னால். பாரம் ஏறினால்தான் பின் டயர் தரையைப் பிடிக்கும். சித்தப்பா மாதிரி போகும்போது காலி, வரும்போது பாரம் என்று ஒரே மாதிரி வேலை உள்ளவருக்கு ஹை-லேண்டர் தாராளமாகப் போதும். மழைக்காலத்தில் தொட்டியில் இரண்டு மணல் மூட்டையை நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறார். "பல லட்சம் மிச்சம் பண்ணின மூட்டை" என்று அவற்றைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளி: திருவையாறு – கும்பகோணம்

திருவையாற்றில் அசோகா, பாபநாசம் தாண்டி ஒரு காபி, மதியத்துக்குள் கும்பகோணம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஹைலக்ஸ் ஸ்டாண்டர்ட். கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அதை நிறுத்துவதற்கு அவர் தினமும் படும் பாட்டைப் பார்த்தால், இந்த ஊரில் இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை.

ஹைலக்ஸின் ஏணி வேறு மாதிரி. எந்த வேரியண்ட் எடுத்தாலும் ஃபோர் பை ஃபோர் உண்டு, இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் டிஃப் லாக்கும் உண்டு. 2.8 லிட்டர், 204 பிஎஸ். 2022-இல் ஹைலக்ஸ் இங்கே வந்தபோது ஸ்டாண்டர்ட் மேனுவல் மட்டுமே. ஹை என்ற மேல் வேரியண்ட்டில் லெதரும் நல்ல விளக்கும் இரட்டை ஏசியும் ஆட்டோமேட்டிக்கும் வந்தன. மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. ஆக, சேற்றுக்குத் தேவையான இரும்பு முழுவதும் கீழ்ப்படியிலேயே முடிந்துவிடுகிறது. மேலே கொடுக்கும் பணம் உட்காருபவருக்கு. என் கணக்கில் இது நேர்மையான ஏணி. ஆனால் அந்த முதல் படியே இசுஸுவின் உச்சிப் படிக்கு அருகில் இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணன் அந்த டிஃப் லாக் பட்டனை இதுவரை அமுக்கியதே இல்லையாம். "அமுக்கினா என்னடா ஆகும்?" என்று என்னைக் கேட்டார். அரசலாற்றங்கரையில் ஆள் இல்லாத ஒரு மண் திட்டுக்கு ஓட்டிப் போனோம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, லோ ரேஞ்சுக்குத் திருப்பி, பட்டனை அமுக்கினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அண்ணனுக்கு உடனே பயம், ஏதோ கெட்டுவிட்டது என்று. பற்கள் நேருக்கு நேர் வந்து விழ வண்டி கொஞ்சம் உருள வேண்டும். மெல்ல நகர்த்தியதும் விளக்கு நிலையாக நின்றது. அதற்குப் பிறகு ஒரு பின்சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு எடுத்துப் பார்த்தோம். நேற்று சித்தப்பா வண்டி தோண்டிக்கொண்டு நின்ற மாதிரியான இடம்தான். இது எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்து ஏறியது. லோ ரேஞ்சில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடும். காலை எடுத்தாலும் வண்டி ஊர்ந்துகொண்டே போகும். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது தார் ரோட்டிலும் ஃபோர் வீல் டிரைவிலேயே ஓட்டப் பார்த்தார். காய்ந்த ரோட்டில் அப்படி ஓட்டினால் திருப்பத்தில் வண்டி இழுத்துப் பிடிக்கும், உள்ளே இருக்கும் பற்களுக்கும் ஆகாது என்று சொல்லி மாற்ற வைத்தேன்.

ராத்திரி கடைத் திண்ணையில் உட்கார்ந்து டயர் கணக்குப் போட்டேன். இது யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டயரின் பக்கவாட்டில் 265/65 ஆர்17 என்று இருந்தால், அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், உள்ளே வீல் 17 அங்குலம். அண்ணன் வண்டியில் அந்தக் கணக்குப்படி பக்கச் சுவர் 172 மி.மீ. மேல் வேரியண்ட்டில் வரும் 265/60 ஆர்18-இல் 159. சித்தப்பாவின் ஹை-லேண்டரில் 245/70 ஆர்16, அதாவது 171. வி-கிராஸின் மேல் வேரியண்ட்டுகளில் 255/60 ஆர்18, வெறும் 153. விலை ஏற ஏற வீல் பெரிதாகிறது, ரப்பர் குறைகிறது! பள்ளத்தில் விழும்போது தாங்குவதும், காற்றைக் குறைத்தால் மணலில் அகலமாகப் பரவுவதும் அந்தப் பக்கச் சுவர்தான். அலாய் பார்க்க லட்சணம். கருங்கல் ஜல்லியில் வீல் ஓரம் அடிபட்டால் இரும்பு வீலைத் தட்டி நிமிர்த்திவிடுவார்கள், அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

அத்தான் இந்தக் கணக்கை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனி: மயிலாடுதுறை – தரங்கம்பாடி – நாகப்பட்டினம் – வேதாரண்யம்

இன்று வண்டி பார்க்க யாரும் இல்லை, போக வேண்டிய தூரம்தான். மயிலாடுதுறையில் துலா மாசக் கூட்டம். படித்துறைப் பக்கம் போகவே முடியவில்லை. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே மீன் வறுவலோடு சாப்பாடு.

நடுவில் ஒன்று நடந்தது. குறுவை அறுத்து முடித்த ஊர்களில் நெல்லை ரோட்டிலேயே காயப் போட்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மழையோ விட்டுவிட்டுப் பெய்கிறது, பாவம் வேறெங்கே போவார்கள்? ஒரு வளைவில் தார் நனைந்திருந்தது, அதன்மேல் ஈர நெல்லும் வைக்கோலும். எதிரே மொபட்டில் ஒருவர் திடீரென்று நடுவுக்கு வந்துவிட்டார். நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரேக் வைத்ததும் காலித் தொட்டியோடு கேம்பரின் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு இடது பக்கம் போனது. வேகம் நாற்பதுக்குள் இருந்ததால் வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லில் நின்றுவிட்டது. மொபட்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி வழுக்கத் தொடங்கும்போதே தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு நேராக்கும் ஈஎஸ்சி எனும் வசதி இந்த மாதிரி இடத்துக்கானது. அதே கருவி டிராக்ஷன் கன்ட்ரோலாகவும் வேலை செய்யும்: சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு முறுக்கை அனுப்பும். டிஃப் லாக் இல்லாத வண்டிக்கு அது பாதி லாக் மாதிரி. எந்த வேரியண்ட்டில் இது வருகிறது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. அதனால் பழைய வீடியோவை நம்பாமல், வாங்கும் மாதத்துப் பட்டியலில் அந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்பது முதல் பக்கத்தில் இருக்கும், இது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ராத்திரி வேதாரண்யம் சேர்ந்தபோது நல்ல மழை.

ஞாயிறு: வேதாரண்யம் – அகஸ்தியம்பள்ளி – மன்னார்குடி

அத்தானோடு கல்லூரியில் படித்த நண்பர். இறால் குட்டை, கொஞ்சம் மாந்தோப்பு. வைத்திருப்பது வி-கிராஸ் இசட் பிரெஸ்டீஜ் ஃபோர் பை ஃபோர் ஆட்டோமேட்டிக். அதாவது ஏணியின் உச்சி. ஏன் இவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை, "கஜா."

2018 நவம்பர் 16 அதிகாலை புயல் கரை கடந்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. நண்பரின் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. ரம்பம் வைத்து அறுத்து, டிராக்டர் கட்டி இழுத்து, அந்த ஒரு தெருவைத் தாண்டவே மத்தியானம் ஆகிவிட்டதாம். அப்பா பிழைத்துக்கொண்டார். அடுத்த வண்டி எது வாங்கினாலும் அதனால் மரத்தை இழுக்க முடிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இப்போதும் தொட்டியில் இழுவைக் கயிறும் ஷேக்கிளும் கிடக்கின்றன.

இங்கே மண்ணே வேறு. உள் டெல்டாவில் களி, இங்கே மணல். முல்லைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதை முழுக்கச் சர்க்கரை மாதிரி மணல். மழை பெய்தால் இறுகிவிடும், எங்களுக்காகவே காலையில் வெயில் வந்து மேல்மணல் காய்ந்திருந்தது. முதலில் டூ வீலில் விட்டுப் பார்த்தோம். ஐம்பது அடி தாண்டவில்லை, புதைந்தது. இடத்தைவிட்டு நகர்த்தாமல் நண்பர் இறங்கி நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கினார், 32-இலிருந்து 18 பிஎஸ்ஐ வரை. பிறகு கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் திருகியை 4எச்-க்கு, அதாவது நான்கு சக்கர இழுவைக்கு, திருப்பி மெதுவாக மிதித்தார். ஒரு குலுக்கு, வந்துவிட்டது. காற்றை இறக்கிவிட்டு டூ வீலிலேயே முயன்று பார்க்கலாமே என்று நான் கேட்டேன். அதுவும் முக்கால்வாசி தூரம் போனது! கடைசியில் ஒரு மேட்டில்தான் நின்றது. பல லட்ச ரூபாய் இரும்புக்கும் ஒரு பைசா செலவில்லாத காற்றுக்கும் உள்ள இடைவெளி அந்த மேட்டின் உயரம்தான். காற்றைத் திரும்ப நிரப்ப பன்னிரண்டு வோல்ட் பம்ப் வைத்திருக்கிறார். அது இல்லாமல் காற்றை இறக்கக் கூடாது.

கடற்கரையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டோம். கோடியக்கரைப் பக்கம் சரணாலயம், வெளிமான் மேயும் இடம். வண்டி ஓட்ட அதுவா இடம்?

லெதர் சீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தோசைக்கல். ஆனால் இறால் குட்டையில் முழங்கால் வரை நின்றுவிட்டு ஈர வேட்டியோடு ஏறுகிறவர் வேறு கதை சொன்னார்: துணி சீட்டில் அந்த வாடை ஏறினால் ஜென்மத்துக்கும் போகாது, இதை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சரி. ஆட்டோமேட்டிக்கும் அப்படித்தான். மணலில் கியர் மாற்றும் அந்த அரை நொடியில் வண்டி உந்துவிசையை இழந்து உட்கார்ந்துவிடும், ஆட்டோமேட்டிக்கில் அந்த இடைவெளி தெரிவதில்லை. அவருடைய மண்ணுக்கு அவர் எடுத்தது சரியான வேரியண்ட்.

கிளம்பும்போது அகஸ்தியம்பள்ளி வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பள்ளிய மண். உப்பளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி வெள்ளையாக விரிந்து கிடந்தது. நண்பர் தன் வண்டியை அங்கேயே குனிந்து காட்டினார்: பின்பட்டைகளின் ஓரத்தில், சைலன்சர் மூட்டில், தொட்டியின் போல்ட்டுகளில் துரு தொடங்கியிருந்தது. வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடிக்காவிட்டால் இங்கே எந்த வேரியண்ட்டும் தாங்காது என்றார். அடிப்பூச்சு பட்டியலில் இல்லை, வெளியே தனியாக அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருத்துறைப்பூண்டி வழியாக மன்னார்குடி. அக்கா கையால் வெந்நீரும் ரசமும்.

திங்கள்: மன்னார்குடி

வயல் அத்தானுடையது, வண்டி பக்கத்து ஊர்க்காரருடையது. இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவல். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு ஆல் டெரைன் டயர் போட்டிருக்கிறார். டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், அதாவது பட்டன், கொஞ்சம் பெரிது.

மன்னார்குடிக் களி பற்றி ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடுங்கும். களத்திலிருந்து மெயின் ரோடு வரை முக்கால் கிலோமீட்டர் மண் பாதை. நடவுக்கு வந்த டிராக்டர்களின் கேஜ் வீல் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டுப் போன தடம், நடுவில் முதுகு மாதிரி மேடு. பழைய வண்டியில் போனால் அந்த மேடு அடியில் உரசும் சத்தம் வீடு வரை கேட்கும்.

அத்தான் ஓட்டினார். முதலில் 4எச், இரண்டாவது கியர். பாதி தூரம் வரை பிரமாதம். அப்புறம் டயரைப் பார்த்தால் பட்டனே தெரியவில்லை. களி நிரம்பி வழவழவென்று பானை மாதிரி ஆகிவிட்டது. நான்கு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பக்கத்து வயலில் நெல் அறுக்க வந்த மிஷின்காரர் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஈர வயலுக்குப் பெல்ட் வண்டி கூப்பிட வேண்டும், டயர் வண்டி கூப்பிட்டால் உட்கார்ந்துவிடும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பிக்கப்பும் அந்த டயர் மிஷின் மாதிரிதான். எத்தனை சக்கரம் இழுத்தாலும் தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை ரப்பர்.

வண்டிக்காரர் சொன்ன யுக்தி வேலை செய்தது. லோ ரேஞ்சில் போட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே ஒரே சீராக மிதிப்பது. தடத்தின் சுவரில் டயரின் ஓரப் பட்டன் கடிக்கிறது, களியை உதறுகிறது, அங்குலம் அங்குலமாக முன்னே போகிறது. ரோட்டைத் தொட்டதும் அத்தான் இறங்கி டயரைக் குச்சியால் நோண்டிக்கொண்டே சொன்னார்: "இசட் ஃபோர் பை ஃபோர் மேனுவல். மிச்சப் பணத்துக்கு இந்த டயர். முடிஞ்சுது மாப்ள."

எனக்கும் அதே முடிவுதான். சித்தப்பாவின் மூட்டை வித்தை இங்கே செல்லாது. அண்ணனின் ஹைலக்ஸ் பட்ஜெட்டுக்கு மேல். நண்பரின் ஆட்டோமேட்டிக் மணலுக்கு. தென்னந்தோப்புக்கு வருஷத்தில் சில தடவைதானே போகிறார்? காற்றை இறக்கிக்கொண்டு போகட்டும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னோம். சிகரெட் அட்டைக் கணக்கையும் காட்டினோம். அக்கா வாழைப்பூ ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி. வயலுக்கு அந்த வண்டி எத்தனை நாள் போகும்?"

"மழைக்காலத்துல தினம் போகும்."

"பள்ளிக்கூடத்துக்கு?"

அத்தான் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருஷம் முழுக்கப் போகும். ஓட்டப் போவது அக்கா. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். போகிற ரோடு சனிக்கிழமை நாங்கள் சறுக்கிய ரோடு மாதிரியே நெல் காயும் ரோடு. அந்தச் சறுக்கல் கதையை நாங்களே முந்தின ராத்திரி ரசம் சாதத்தோடு விலாவாரியாகச் சொல்லிவிட்டிருந்தோம்.

பட்டியலை அக்கா வாங்கிப் பார்த்தது. நாங்கள் கையில் வைத்திருந்த பட்டியலில் இசட்டுக்கு இரண்டு ஏர்பேக், பிரெஸ்டீஜுக்கு ஆறு. "வயலுக்கு வேணும்கிறது எல்லாம் நீங்க பார்த்துட்டீங்க. ரோட்டுக்கு வேணும்கிறது இதுல இருக்கு" என்று பிரெஸ்டீஜ் ஃபோர் பை ஃபோர் மேனுவல் வரியில் நகத்தால் கோடு போட்டது. ஆட்டோமேட்டிக் வேண்டாமா என்று கேட்டேன். "அந்தக் காசுக்கு டயர் வாங்கிக்கச் சொல்லு உங்க அத்தானை."

நான் இன்னமும் சொல்வேன், டெல்டாவின் சேற்றுக்கு இசட்டே போதும். ஆனால் அக்கா கேட்டது சேற்றைப் பற்றிய கேள்வி இல்லை. அத்தான் அரை மணி நேரம் வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். சொந்த உபயோகக் கார்களுக்கு 20 லட்சத்துக்கு மேல் போனால் ஆயுட்கால வரி 20 சதவீதம் என்பதால், வேரியண்ட் வித்தியாசம் ஒவ்வொரு லட்சமும் ரோட்டுக்கு வரும்போது 1 லட்சத்து 20 ஆயிரமாகத்தான் வருகிறது, இன்சூரன்ஸ் தனி. முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அறுவடைப் பணம் தையில் வரும், புக்கிங் அப்போது.

அதற்குள் அக்காவே ஷோரூமுக்குப் போன் போட்டுவிட்டது. ஸ்கிரீன் பற்றியோ லோ ரேஞ்ச் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பின் தொட்டிக்கு மழைக்கு மூடி சேர்த்துத் தருவீர்களா, தனியா என்று கேட்டது. தனியாம்.